ஈரச்சாக்கும் ஏழாம் பிரிவும்

சுன்னாகம்
20.04.2024

அன்புள்ள தம்பி ஜொனதனுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் றோசும் சுகம். என்ரை சீனி வருத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நீயும் ரஞ்சினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரெலிபோன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன்ரை கொம்பனியோடு எனக்கு ஒரு கரைச்சல் வந்திருக்கிறது. நீ அங்கே ஒப்பந்தப் பகுதியில் இருக்கிறவன். நாளைக்கு ஆரும் உன்ரை ரெலிபோனை வாங்கிப் பார்த்தால் உனக்கும் கூடாது, எனக்கும் கூடாது. தபாற்காரன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கடிதத்தை ஆரும் தேடமாட்டார்கள்.

விசயம் இதுதான். புதுவருடம் பிறந்த சனிக்கிழமை என்ரை தியேட்டரில் படம் ஓட்டுகிற மெசின் பழுதாகிவிட்டது. அன்றைக்குப் புதுப்படம். இரண்டரை மணிக் காட்சிக்கு றோட்டுவரை சனம். படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் மெசின் அறையின் ஏசி நின்றுவிட்டது. சித்திரை வெயில் உனக்குத் தெரியும். மெசின் சூடேறிச் சிவப்பு லைற் போட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சத்தில் தானாக நின்றுவிடும் என்று அர்த்தம்.

ஒப்பரேட்டர் ஆழ்வாப்பிள்ளையை உனக்குத் தெரியும்தானே. நான் அந்தக் கட்டடத்தை வாங்கும்போது கதிரை, திரை, ஆழ்வாப்பிள்ளை மூன்றையும் சேர்த்துத்தான் வாங்கினேன். முப்பத்தொரு வருடமாக அந்த அறைக்குள் இருக்கிறவர். கீழே என்ரை வெங்காயக் களஞ்சியத்தில் கிடந்த சாக்கு நாலைந்தை எடுத்து, தண்ணீரில் நனைத்து, மெசின் காற்று இழுக்கிற பக்கத்தில் இரண்டு கதிரையை வைத்து அதில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு ஃபானையும் போட்டிருக்கிறார். மயிலிட்டிக் கடற்காரர். வள்ளத்து எஞ்சின் சூடானால் அவர்கள் ஈரச்சாக்குத்தான் போடுவார்கள். சிவப்பு லைற் அணைந்தது. காட்சி முழுக்க ஓடியது. ஆறு மணிக் காட்சியின் பாதியில் திரை ஊதா நிறமாகி, பிறகு ஒன்றுமேயில்லை.

உங்கடை எஞ்சினியர் டினேஸ் வந்து திறந்து பார்த்தான். மெசினில் வெளிச்சம் தருகிற ஒளிப்பெட்டிக்குள் ஈரம், சணல் தும்பு, வெங்காயச் சருகு. அந்தச் சருகை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, எனக்கு முன்னால் ஒட்டி, கொலை வழக்குச் சாமான் மாதிரிக் கொண்டுபோனான். மெசினைப் பிழையாகப் பயன்படுத்தினோமாம், 'முறையற்ற பாவனை' என்று எழுதிவிட்டான். அது நிலைத்தால் கொம்பனி ஒளிப்பெட்டியை மாற்றித் தராது, மெசினின் பராமரிப்பு ஒப்பந்தமும் முறியும். தியேட்டரை மூடவேண்டியதுதான்.

சாக்குப் போட்ட நேரம் நான் பண்டத்தரிப்பில் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தேன், றோசும் பக்கத்தில். ஆழ்வாப்பிள்ளை ரெலிபோன் எடுத்தவர்தான். பாண்ட் வாத்தியச் சத்தத்தில் ஒன்றும் வடிவாக விளங்கவில்லை.

முறையற்ற பாவனை என்றால் என்ன என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதினவன் நீ. வெளியே வர ஒரு வழி சொல்லு.

றோஸ் உங்கள் எல்லோரையும் சுகம் கேட்டாள். ரஞ்சினிக்கு முருங்கைக்காய் பஸ்ஸில் போட்டுவிடுகிறாள்.

உன் அண்ணை
நேசையா


வெள்ளவத்தை
02.05.2024

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். முருங்கைக்காயும் வந்து சேர்ந்தது, அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள். சீனியைக் கவனியுங்கள், பனங்கட்டியும் சீனிதான்.

வீட்டு விலாசத்துக்கு எழுதியது நல்லது. இனியும் அப்படியே செய்யுங்கள்.

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். 'உற்பத்தியாளரின் கைநூலில் சொல்லப்படாத எந்தப் பொருளையும் மெசினுக்குள்ளோ, அதன் காற்று வழியிலோ பாவிப்பது முறையற்ற பாவனை' என்று இருக்கிறது. அவ்வளவுதான் வரைவிலக்கணம். ஈரச்சாக்கு அதற்குள் அடங்குகிறது. எதற்காகச் செய்தார், நல்ல மனதோடு செய்தாரா என்று அந்த வசனம் கேட்பதில்லை. வேறு விதமாக எழுதியிருந்தால் வேறு விதமாக வாதாடலாம். இருப்பதை வைத்துத்தான் கதைக்கலாம்.

அதன் கீழே இரண்டாவது பந்தி ஒன்று இருக்கிறது. பணியாளர் ஒருவர் உரிமையாளரைக் கேட்காமல், தன் எண்ணப்படி செய்தார் என்று இருவரும் எழுதிக் கையொப்பமிட்டால், அந்தப் பாவனை உரிமையாளரில் சுமத்தப்படாது. ஒப்பந்தம் நிலைக்கும். ஒளிப்பெட்டியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பணியாளர் அதற்குப் பிறகு எங்கள் கொம்பனி பராமரிக்கிற எந்த மெசினையும் தொடக்கூடாது.

அண்ணை, ஒரேயொரு கேள்வி. சாக்கைப் போடமுதல் ஆழ்வாப்பிள்ளை உங்களைக் கேட்டவரோ? நீங்கள் ஏதும் சொன்னீர்களோ? மற்றது எல்லாவற்றையும் விட்டாலும் இதற்கு மட்டும் நேரான பதில் எழுதுங்கள்.

ரஞ்சினி அண்ணியை விசேசமாகச் சுகம் விசாரிக்கிறாள்.

அன்புத் தம்பி
ஜொனதன்


சுன்னாகம்
09.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பனங்கட்டியை விட்டுவிட்டேன், தேத்தண்ணி கசக்கிறது. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

ஏழாம் பிரிவை மூன்று தரம் வாசித்தேன். இந்தக் கைநூலை எழுதினவன் ஒரு குளிர்தேசத்தில் இருந்து எழுதியிருக்கிறான். ஏசி நின்றால் 'காட்சியை நிறுத்தவும்' என்று ஒரு வரி. நிறுத்திப்போட்டு ஐந்நூறு சனத்துக்கு ஆர் பதில் சொல்வது, கைநூலோ? போன வருடம் ஒருநாள் கரண்டு போய்ப் பத்து நிமிடம் பிந்தினதுக்கே பின்வரிசைக் கதிரை ஆறை உடைத்தார்கள்.

நான் மூட்டை தூக்கி வந்தவன். பதினாறு வயதில் இந்தச் சந்தையில் சுமை ஏற்றி இறக்குகிற நாட்டாமை வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த பாவனை வேறு. தம்புள்ளையிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றினால் ஈரச்சாக்குப் போடாமல் ஒரு லொறியும் வராது. ஒரு சாமான் வேலை செய்யவேண்டும், அதற்கு என்ன தேவையோ அதைச் செய்கிறது பாவனை. சாமானை வெயிலில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முறையற்ற பாவனை. ஆனால் இதையெல்லாம் உன்ரை மேலிடத்துக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

தியேட்டர் பூட்டி நாலு கிழமை. ஆழ்வாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு வருகிறார். மெசின் அறையைக் கூட்டுகிறார். செத்த மெசினைத் துடைக்கிறார். பின்னேரம் போகிறார். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது பந்திக்கு என்ன மாதிரி எழுதவேண்டும்? படிவம் ஏதும் இருந்தால் அனுப்பு.

றோஸ் சுகம் கேட்டாள்.

உன் அண்ணை
நேசையா


வெள்ளவத்தை
17.05.2024

அன்பின் அண்ணைக்கு,

நலம், உங்கள் நலத்தையும் விரும்புகிறேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது. கீழே இரண்டு கையொப்பம், உங்களுடையதும் ஆழ்வாப்பிள்ளையுடையதும். திகதி போட மறக்கவேண்டாம்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இனி எழுதவேண்டாம். எழுதினால் நான் வாசித்தவன் ஆகிவிடுவேன்.

அண்ணிக்கு எங்கள் அன்பு.

ஜொனதன்


சுன்னாகம்
03.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஆண்டவரை மன்றாடுகிறேன். நான் இருக்கிறேன்.

படிவம் இரண்டு கையொப்பத்தோடும் இதற்குள் இருக்கிறது. எப்படி வாங்கினேன் என்று நீ கேட்கமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், ஆருக்காவது சொல்லவேண்டும்.

ஆழ்வாப்பிள்ளையைக் கடைக்கு வரச்சொன்னேன். ஒரு கதிரை போட்டு, சோடாவும் உடைத்துக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அவர் என்ரை கடையில் இருந்தது அதுதான் முதல்தரம் என்று பிறகுதான் யோசித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார்.

"முதலாளி, இதிலை 'உரிமையாளரைக் கேட்காமல்' எண்டு கிடக்கு" என்றார்.

அது கொம்பனிக்காரன்ரை பாஷை, எல்லாருக்கும் ஒரே படிவம்தான், மூன்று மாதம் கீழே ரிக்கெற் கொடுத்துக்கொண்டிரும், சூடு ஆறினதும் பழையபடி மேலே போகலாம், சம்பளத்தில் ஒரு குறையும் வராது என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு சாமானும் இல்லை.

கையொப்பம் வைத்தார். வடிவான கையெழுத்து அவருக்கு. சோடாவை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கெதியாக அலுவலை முடி. ஆடி பிறக்கமுதல் திறக்கவேண்டும்.

ரஞ்சினிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் அண்ணை
நேசையா


வெள்ளவத்தை
28.06.2024

அன்பின் அண்ணைக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் போன கடிதத்தில் அண்ணியின் சுகம் விசாரிப்பு இல்லை. அவருக்கு ஏதும் சுகமில்லையோ என்று ரஞ்சினி கேட்கிறாள்.

மேலிடம் ஏற்றுக்கொண்டது. ஒளிப்பெட்டி ஜூலை நடுப்பகுதியில் வரும், டினேஸ் வந்து பொருத்தித் தருவார். உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

இரண்டு விசயம் சொல்லவேண்டும். ஆழ்வாப்பிள்ளையின் பெயர் ஒரு பட்டியலில் போகிறது. வடக்கில் எங்கள் கொம்பனி பார்க்கிற எல்லாத் தியேட்டருக்கும் அந்தப் பட்டியல் அனுப்பப்படும். மற்றது, ரிக்கெற் கொடுக்கிற வேலையும் சரிவராது. மெசின் இருக்கிற வளவுக்குள் அவர் வேலை செய்வதாகத் தெரிந்தால் ஒப்பந்தம் அந்த நாளோடு முறியும். இது இம்முறை புதிதாகச் சேர்த்த நிபந்தனை, நான் எழுதியதில்லை. ஆனால் தட்டெழுதியது நான்தான்.

அவரிடம் நீங்களே சொல்லுங்கள். வேறு ஆளை வைத்துச் சொல்லவேண்டாம்.

அன்புடன்
ஜொனதன்


சுன்னாகம்
25.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோசம்.

தியேட்டர் திறந்துவிட்டது. படம் முந்தியைவிடத் துப்புரவாகத் தெரிகிறது. இப்ப மெசினைக் கொழும்பில் இருந்தே லைன் மூலம் போடுகிறார்களாம், நிப்பாட்டுகிறார்களாம். அறைக்குள் ஒரு மனுசன் இல்லை. அறையின் பூட்டுத் திறப்பும் டினேசிடம். கீழே நின்றால் மேலே ஃபான் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

ஆழ்வாப்பிள்ளைக்கு நானே சொன்னேன். தியேட்டர் வாசலில் வைத்து, நின்றபடி. "அப்ப மூண்டு மாசம் எண்டது?" என்று கேட்டார். அவ்வளவுதான். மேலே போய்த் தன்ரை சாப்பாட்டுப் பெட்டியையும், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது. சம்பளம் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன். "வேலை செய்யாமல் வாங்கிறதோ" என்று சொல்லிச் சிரித்தார். முதல் மாதக் காசை அனுப்பினேன், அவருடைய பெண்சாதி ஞானாம்பிகை அதே உறையில் திருப்பி அனுப்பிவிட்டா.

வவுனியாவில் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டர் வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். பெயரைக் கேட்டதும் அங்கே பட்டியலை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அச்சடித்திருக்கிறதாம், 'முறையற்ற பாவனை' என்று அவர் பெயருக்கு நேரே. மயிலிட்டியில் அந்தக் கதை பரவிவிட்டது. அந்தச் சொல்லுக்குச் சனம் என்ன அர்த்தம் எடுக்கும்? மெசினில் ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவன் என்றுதான் கதைக்கிறார்கள். பத்துச் சொல்லில் நீங்கள் எழுதுகிற வரைவிலக்கணத்தை ஊரில் ஆர் வாசிக்கிறார்கள்.

றோஸ் சுகமாகத்தான் இருக்கிறாள். அந்தப் படிவம் போன நாளிலிருந்து அவள் என்னோடு முந்தி மாதிரிக் கதைப்பதில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். உங்களைச் சுகம் கேட்டதாக எழுதட்டோ என்று கேட்டேன். "நீங்கள் எழுதிற கடிதத்திலை என்ரை பேர் வேண்டாம்" என்றாள்.

உன் அண்ணை
நேசையா


சுன்னாகம்
12.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயோ? ஜூலையில் எழுதினதற்கு இன்னும் பதில் இல்லை. எனக்குச் சீனி இருநூற்றைம்பது.

நீ எழுதவேண்டாம் என்று சொன்ன பதிலை இப்ப எழுதப்போகிறேன். வாசித்தவன் ஆகிவிடுவாய் என்றால் ஆகு.

அன்றைக்குக் கலியாண வீட்டில் பாண்ட் அடித்ததுதான். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை, மெசின் சூடாகுது முதலாளி, காட்சியை நிப்பாட்டுவம் என்று கேட்டார். இரண்டு தரம் கேட்டார். என்ரை கையில் புரியாணி. நான் சொன்னது இதுதான்:

"கடலிலை எஞ்சின் சூடானால் என்ன செய்வீர்? அதைச் செய்யும். படத்தை நிப்பாட்டாதையும்."

சாக்கு என்ரை வாயிலிருந்துதான் வந்தது. றோஸ் பக்கத்தில் இருந்து கேட்டவள். சனத்துக்கு முன்னால் கெட்டிக்காரக் கதை கதைத்த மாதிரி, மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

ஆழ்வாப்பிள்ளை இப்ப கடலுக்குப் போகிறார். ஐம்பத்தெட்டு வயது. மற்றவன்ரை வள்ளத்தில் வலை இழுக்கிற கூலி. முப்பது வருடம் இருட்டறைக்குள் இருந்த கண், வெயிலில் நீர் வடிகிறதாம்.

போன கிழமை கடைக்கு வந்தார். வெங்காயம் வாங்க வந்த சனத்தோடு சனமாக வரிசையில் நின்று, தன்ரை முறை வந்ததும் கேட்டார்.

"முதலாளி, நான் பிழை செய்யேல்லை எண்டு ஒருக்கால் எழுதித் தாங்கோ. ஒருத்தருக்கும் காட்டேன். வீட்டிலை வைக்கத்தான்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. கடதாசியின் பெறுமதி தெரிந்தவன் நான். அப்படி ஒரு கடதாசி உலகத்தில் இருந்தால், முதல் எழுதினது பொய் என்றாகும். நாளைக்கு அது டினேசின் கையில் போனால் தியேட்டர் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு கிலோ வெங்காயம் வாங்கினார். காசு வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

என்ன செய்யட்டும் என்று சொல்லு. நீ படித்தவன்.

நேசையா


வெள்ளவத்தை
02.11.2024

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இருநூற்றைம்பது கூடாது, உடனே டொக்டரிடம் போங்கள்.

இத்துடன் ஒரு போட்டோப் பிரதி வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள், பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

அது ஒப்பந்தத்தின் முதல் வரைவு. இரண்டு வருடத்துக்கு முதல் நான் சுன்னாகத்துக்குக் கொண்டுவந்தது. ஏழாம் பிரிவில் ஒரு வரி சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறது. 'காட்சி நடந்துகொண்டிருக்கும்போது, மெசினையோ காட்சியையோ காப்பாற்றும் எண்ணத்துடன் அவசரமாகச் செய்யும் எதுவும் முறையற்ற பாவனை ஆகாது.' பக்கத்தில் இருக்கிற சிறிய கையொப்பம் உங்களுடையது.

உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. சந்தைக் கடையில் இருந்தோம். எஞ்சினியர் வருடத்துக்கு மூன்று தரம் வருவார் என்று எழுதியிருந்தது. நீங்கள் ஒவ்வொரு பிரிவாகத் தட்டிப் பார்த்தீர்கள். இந்த வரி எனக்கு ஒரு தேவையும் இல்லை, என்ரை ஆள் மெசினைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பார்க்கிறவர், இதை எடுத்துவிட்டு எஞ்சினியரை நாலு தரம் அனுப்பு என்றீர்கள். நீங்களே வெட்டினீர்கள். அன்றைக்கு அண்ணி நண்டுக்கறி வைத்தா. "தம்பியின்ரை கொம்பனியிட்டையே ஒரு எஞ்சினியர் விசிற் சும்மா அடிச்சுப்போட்டன்" என்று சாப்பிட்டு முடியுமட்டும் சொல்லிச் சிரித்தீர்கள்.

அண்ணை, அந்த வரியை எப்படியும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். பதிலுக்கு நாலாவது வருகையைக் கொடுக்கச் சொன்னதும் அவர்கள்தான். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் இரவு முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்களாகவே கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வென்றதாக நினைக்க விட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

உங்கள் முதல் கடிதம் வந்த நாளே இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் இதை உறைக்குள் வைப்பேன், ஒட்டமுதல் எடுத்துவிடுவேன். ஜூலைக்குப் பிறகு எழுதாமல் இருந்ததற்கும் காரணம் அதுதான்.

நீங்கள் அந்தக் கடதாசியை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததுதான். தியேட்டர் போகும். அந்தப் படிவத்தை ஏற்கலாம் என்று எழுதியவன் நான், ஆகவே என்னுடைய வேலையும் போகும். கொடுக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. கொடுங்கள் என்று எழுதவும் கை வரவில்லை.

ஜொனதன்


சுன்னாகம்
15.12.2024

அன்புள்ள தம்பி ஜொனதனுக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. நான் டொக்டரிடம் போனேன், மருந்து மாற்றித் தந்திருக்கிறார்.

நீ அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். கையொப்பம் என்னுடையதுதான், சந்தேகமில்லை. உன்னில் எனக்குக் கோபம் வரவில்லை. பேரத்தில் மற்றவன் பேசாமல் இருந்தால், அவனுக்கு இலாபம் என்றுதான் அர்த்தம். முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் நான் அதைப் பார்க்கத் தவறியது ஒரேயொரு தரம், அதுவும் என்ரை தம்பியின் முகத்தில்.

றோசிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்தாள். "இனியாவது அந்த மனுசனுக்கு எழுதிக் குடுங்கோ" என்றாள். இந்த ஆறு மாதத்தில் அவள் என்னோடு கதைத்ததில் நீளமான வசனம் அதுதான்.

எழுதினேன். 'ஏப்ரல் 13ஆம் திகதி மெசினுக்கு ஈரச்சாக்குப் போட்டது நான் சொல்லித்தான். ஆழ்வாப்பிள்ளை காட்சியை நிறுத்துவோம் என்று இரண்டு தரம் கேட்டவர். அவரில் ஒரு பிழையும் இல்லை. இதற்கு மாறாக நான் முன்பு எழுதியது பொய்.' முழுப் பெயரையும் போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

புயலுக்குப் பிறகு கடல் இன்னும் அடங்கவில்லை, ஆகவே நான் மயிலிட்டிக்குப் போக ஆழ்வாப்பிள்ளை வீட்டில் இருந்தார். இளைத்துவிட்டார். என்னைக் கண்டதும் எழும்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கடதாசியைக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தார், கடையில் அன்றைக்கு வாசித்த மாதிரியே. முடிந்ததும் ஞானாம்பிகையைக் கூப்பிட்டு, சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவ வாசித்தா. பக்கத்து வீட்டுக் கோழி சத்தம் போட்டதால் கடைசி வரியைத் திருப்பியும் வாசிக்கச் சொன்னார்.

பிறகு நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"வாசிச்சாச்சு முதலாளி, காணும். நீங்கள் கொண்டுபோங்கோ."

ஏன் என்றேன். வைக்கத்தானே கேட்டீர் என்றேன்.

"அப்ப கேட்டனான்தான். பிறகு யோசிச்சுப் பாத்தன். இது இஞ்சை கிடந்தால் ஒருநாள் ஆரும் எடுத்துக் காட்டுவினம். தியேட்டர் மூடுப்படும். பிறகு தியேட்டர் மூடினதும் ஆழ்வாப்பிள்ளையாலைதான் எண்டு வரும். ஒரு பழி காணும் எனக்கு."

ஞானாம்பிகை உள்ளே போய்விட்டா. தேத்தண்ணி வைக்கட்டோ என்றும் கேட்கவில்லை.

நான் இன்னொரு தரம் நீட்டியிருக்கலாம். அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம், அவர் வெங்காயக் காசை வைத்துவிட்டுப் போன மாதிரி. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கையை நீட்டின வேகத்தை அவரும் பார்த்தார்.

மோட்டார்சைக்கிளில் தெல்லிப்பழைவரை வந்துவிட்டேன். மனம் லேசாக இருந்தது தம்பி. சின்னதாகப் பாட்டுக்கூட வாயில் வந்தது. இது எனக்குப் பழக்கமான சந்தோசமாக இருக்கிறதே, எங்கே வந்தது முந்தி என்று யோசித்தேன். சந்தையில் ஒரு நல்ல பேரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற நாளில் வருவது அது. றோட்டோரம் நிப்பாட்டினேன்.

வீட்டுக்கு வர, றோஸ் வாசலில் நின்றாள்.

"குடுத்தாச்சோ?"

"ஓம்" என்றேன்.

கடதாசி சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் என்ரை முகத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். போட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் இருந்து, மீன்குழம்பில் உப்புக் காணுமோ என்று கேட்டாள். நான் சாப்பிட்டேன்.

அந்தக் கடதாசியை இத்துடன் அனுப்புகிறேன். இந்த வீட்டில் றோசின் கை படாத இடம் இல்லை. நீ அந்தச் சிவப்புக் கோட்டுப் பக்கத்தோடு சேர்த்து வைத்திரு. கிழிக்கவேண்டாம். இதற்குப் பதிலும் எழுதவேண்டாம். கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டும் அனுப்பு, அந்த உறையை அவள்தான் முதலில் உடைப்பாள்.

றோஸ் உங்கள் எல்லோரையும் சுகம் கேட்டாள்.

உன் அண்ணை
நேசையா